டர்னர் வீட்டு சர்நேம்

புதுச்சேரியில் எது சுற்றினாலும் அது டர்னரின் அனுமதியோடுதான் சுற்றுகிறது. குருசுக்குப்பத்துப் படகுகளின் ஷாஃப்ட், மாவு மிஷினின் புல்லி, கல்யாண மண்டபத்து கிரைண்டரின் அச்சு என்று எல்லாமே ஒருமுறையாவது தட்டாஞ்சாவடியில் எங்கள் பட்டறைக்கு வந்து, அவருடைய கடைசல் லேத்தில் மாட்டிக்கொண்டு, அவரிடம் நாலு திட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கும். பூமி உருண்டை லேசாகச் சப்பையாக இருப்பதே அதை டர்னரிடம் கொடுக்காமல் வேறு பட்டறையில் கொடுத்துவிட்டதால்தான் என்று எங்கள் வெல்டர் சொல்வார். டர்னர் அதை மறுத்ததில்லை.

மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள். டர்னர் வெர்னியர் வைத்திருப்பார். பட்டறைக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் மெதுவடையைக் கையில் எடுத்தால் உடனே கடிக்க மாட்டார். கண் மட்டத்துக்கு உயர்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஓட்டை வழியாகத் தெருவைப் பார்ப்பார். பிறகு "மாஸ்டர், சென்டர் அவுட்டு" என்று தட்டில் திருப்பி வைத்துவிடுவார். டீ மாஸ்டர் ஒத்துக்கொள்ளாத நாளில் வெர்னியரை எடுத்து நாலு பக்கமும் அளந்து காட்டியிருக்கிறார். வெறுத்துப்போன மாஸ்டர் ஒருநாள் அவருக்கென்று தனியாக ஓட்டையே இல்லாத வடை ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். டர்னர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல இன்னும் வேலையே ஆரம்பிக்கலையே" என்றார்.

எங்கள் வெல்டரின் தம்பி கல்யாணத்தில், தாலி கட்டுகிற நேரத்தில், மேடைக்கு மேலே ஓடிய ஃபேன் ஆடுகிறது என்று கண்டுபிடித்துவிட்டார். எல்லோரும் அட்சதை போட எழுந்திருக்கிறார்கள், இவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு நாற்காலி மேல் ஏறிவிட்டார். அந்தக் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை தாலி கட்டும் படம் இருக்கிறது. மணமகள் தலைக்குப் பின்னால், ஃபேன் இறக்கையைப் பிடித்தபடி, ஆகாயத்திலிருந்து ஆசீர்வாதம் செய்ய வந்தவர் மாதிரி டர்னர் நிற்கிறார்.

அவருக்கென்று ஒரு பெயர் இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதே இல்லை. முதலாளிக்கு அவர் டர்னர். வெல்டருக்கும் எனக்கும் டர்னரண்ணே. அவர் மனைவிக்கு 'ஏங்க'. கருவடிக்குப்பத்தில் அவர் குடியிருக்கும் வீட்டுச் சுவரில், சிலிண்டர் போடுகிறவர் அடையாளத்துக்காகக் கரிக்கட்டியால் 'டர்னர் வூடு' என்று எழுதி வைத்திருக்கிறார். சம்பளம் அவர் மனைவியின் பாங்க் கணக்குக்குப் போய்விடும். எண்ணெய்க் கையால் கையெழுத்துப் போட்டால் காகிதம் பாழாகிவிடும் என்று அவரே சொல்லிச் செய்துகொண்ட ஏற்பாடு அது. எண்ணெய் ஒரு சாக்குதான் என்று எனக்குப் பின்னால் தெரிந்தது.

நான் அந்தப் பட்டறையின் ஆபீஸ். ஆபீஸ் என்றால் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், நான். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவன். அப்பா மில் மூடுகிறவரை மில்லில் இருந்தார், அதற்குப் பிறகு ஒரு அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி. வீட்டில் முதலில் படித்தவனுக்கு நம் ஊரில் ஒரு உத்தியோகம் கேட்காமலே கிடைத்துவிடும். தெருவில் யாருக்கு எந்த பாரம் வந்தாலும் அதை அவன்தான் நிரப்ப வேண்டும். நானும் அதை முகம் சுளிக்காமல், கொஞ்சம் பெருமையாகவே செய்து வந்தேன். ஒரு கட்டத்தைக் காலியாக விட்டாலும் எனக்குச் சோறு இறங்காது. இந்தக் கதையில் வந்த வம்புகளில் பாதிக்கு அந்தக் குணம்தான் காரணம்.

டர்னருக்கு ஒரே மகள், கலைவாணி. நர்சிங் முடித்து, ஊரிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கச் சென்னையில் இண்டர்வியூ வைத்தார்கள். போனாள், தேர்வாகிவிட்டாள். அடுத்த மாதக் கடைசிக்குள் பாஸ்போர்ட் நம்பரைக் கொடுத்தால் இந்தத் தடவையே பரீட்சை எழுதலாம், இல்லையென்றால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வருஷம் என்று ஒன்று வருமா என்று யாருக்குத் தெரியும். பாரத்தில் சர்நேம் என்ற கட்டத்தைக் காலியாக விடாதே, ஒற்றைப் பெயரோடு போனால் அங்கே சிக்கல் என்றும் ஆள் எடுத்த ஏஜெண்ட் சொல்லி அனுப்பியிருந்தார்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் டர்னர் டிபன் பாக்ஸோடு என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, சர்நேம்னா என்னா?"

குடும்பப் பெயர் என்றேன். நமக்கு ஏது என்றார். நம் ஆட்கள் அந்த இடத்தில் அப்பா பெயரைப் போட்டுவிடுவார்கள் என்றேன். கரண்ட் போன லேத் எப்படி மெல்ல மெல்லச் சுற்றி நிற்குமோ அப்படி அவர் முகம் நின்றது.

கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். பிறகு, "சரி, வெள்ளக்காரனுக்கு மட்டும் அது எங்கேர்ந்து வந்துச்சி?" என்றார்.

அது எனக்கும் தெரியாது. மொபைலில் தேடிப் படித்துக்கொண்டே சொன்னேன். அங்கேயும் ஆதியில் ஒற்றைப் பெயர்தானாம். ஒரு ஊரில் பத்து ஜான் இருந்தால் பெயர் எழுத வந்த ஆள் எந்த ஜான் என்று கேட்பான். ஊர்க்காரர்கள் அவன் செய்கிற வேலையைச் சொல்வார்கள். இரும்படிக்கிற ஜான் ஸ்மித் ஆனார். ரொட்டி சுடுகிற ஜான் பேக்கர் ஆனார். பிள்ளை ரொட்டி சுடாவிட்டாலும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு அடுத்தடுத்த தலைமுறைக்கு இறங்கியது. அதே மாதிரி, கட்டையைக் கடைந்து கிண்ணமும் நாற்காலிக் காலும் செய்த ஜானுக்கு வந்த பெயர்...

"டர்னர்" என்றார் டர்னர். சோற்றுக் கையோடு எழுந்து நின்றுவிட்டார்.

இங்கிலாந்தில் அந்தப் பெயரில் குடும்பமே இருக்கிறதா என்று கேட்டார். ஏகப்பட்டது இருக்கிறது என்றேன். எல்லாரும் லேத்தா என்றார். ஒரு காலத்தில் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். படித்ததை முழுசாகச் சொல்லாவிட்டால் எனக்கு ஆகாதே. அந்த வார்த்தையே இங்கிலீஷுக்குப் பிரெஞ்சிலிருந்து போனதுதான் அண்ணே என்றும் சொல்லிவைத்தேன்.

மறுநாள் காலையில் லேத்தைப் போடுவதற்கு முன்னால் என் மேசை மேல் ஒரு அட்டையை வைத்தார். லேமினேட் செய்த பழைய அட்டை. பிரெஞ்சுக்காரன் காலத்தில் அவருடைய அப்பா ஒரு மில் பட்டறையில் வேலை செய்தபோது கொடுத்ததாம். பெயர் இருந்த இடம் வியர்வையிலும் மழையிலும் கரைந்து பழுப்புக் கறையாகியிருந்தது. வேலை என்ற இடத்தில் இருந்த ஒரு வார்த்தை மட்டும் பிழைத்திருந்தது. தூர்னேர். மொபைலைக் கேட்டேன். கடைசல்காரர் என்றது.

"பாத்துக்க. பேரு அழிஞ்சி போச்சி, வேலை நிக்கிது" என்றார்.

அப்புறம் அவருடைய ஆராய்ச்சியைச் சொன்னார். இங்கிலீஷ்காரன் அந்த வார்த்தையைப் பிரெஞ்சுக்காரனிடமிருந்து வாங்கினான். பிரெஞ்சுக்காரன் இருந்தது புதுச்சேரியில். ஆகவே அந்தப் பெயர் இங்கிலாந்துக்குப் போனது எந்த ஊரிலிருந்து என்று நீயே சொல் என்றார். நடுவில் சில நூறு வருஷம் இடிக்கிறதே அண்ணே என்றேன்.

"கப்பல்ல போனா அவ்ளோ நாளு ஆவத்தான் செய்யும்" என்றார்.

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு இங்கிலீஷ் சர்நேம் தொட்டுக்கொள்ள வேண்டும் என்றாகிவிட்டது. கூப்பர் என்றால் பீப்பாய் செய்கிறவர். கார்ட்டர் என்றால் வண்டி ஓட்டுகிறவர். வெப்ஸ்டர் என்றால் நெசவு. நெசவு என்றதும் "உங்கப்பா மில்லுல இருந்தவரு, உனக்கு அது ஆவும்" என்று என்னைச் சேர்த்துக்கொண்டார். கிளார்க் என்று ஒரு சர்நேம் இருக்கிறது, எழுத்து வேலை பார்த்தவர்களுக்கு வந்தது என்று சொன்னேன். உடனே வெப்ஸ்டரிலிருந்து என்னைத் தூக்கி கிளார்க்கில் போட்டுவிட்டார். ஃபிளெட்சர் என்றால் அம்புக்கு இறகு கட்டுகிறவர் என்றதும் நம்ப மறுத்தார். அதற்கென்று தனியாக ஒரு ஆளா, நம் முதலாளியாக இருந்தால் அந்த வேலையையும் வெல்டர் தலையில் கட்டியிருப்பார் என்றார். டீ போடுகிறவருக்கு அப்படி ஒரு பெயரும் இல்லை என்று தெரிந்தபோது, எதிர்க்கடை மாஸ்டருக்காக உண்மையாகவே வருத்தப்பட்டார்.

குருசுக்குப்பத்திலிருந்து ஷாஃப்ட் தூக்கிக்கொண்டு வந்த மீன்காரர் ஒருவரை உட்காரவைத்து, உனக்கும் இங்கிலாந்தில் சொந்தக்காரன் இருக்கிறான், ஃபிஷர் என்று பெயர், விசாரித்துப் பார் என்று அரைமணி நேரம் விளக்கினார். மீன்காரர் பொறுமையாகக் கேட்டார்.

"அந்த சொந்தக்காரன் கிட்டயும் படகு இருக்கும் இல்ல?"

"இருக்கும்."

"அவனுக்கு ஷாஃப்ட் சொன்ன நாளுல குடுத்துடுவாங்களா?"

டர்னர் எழுந்து லேத்தைப் போட்டார்.

பழைய காலத்து இங்கிலீஷ் டர்னர்கள் கரண்ட் இல்லாமல் எப்படிக் கடைந்தார்கள் என்று ஒருநாள் கேட்டார். மேலே வளையக்கூடிய ஒரு நீளக் கழி, அதிலிருந்து ஒரு கயிறு, கயிற்றைக் கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றிக் காலால் மிதித்தால் கட்டை சுற்றும், காலை எடுத்தால் கழி அதை மேலே இழுத்துக்கொள்ளும் என்று படத்தைக் காட்டினேன். அடுத்த தடவை கரண்ட் போனபோது அவர் கூரைச் சட்டத்தில் ஒரு சவுக்குக் கழியைக் கட்டிக்கொண்டிருந்தார். முதல் மிதி நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது மிதியில் கயிறு நழுவியது. சவுக்கு நிமிர்ந்தது. கட்டை பறந்து போய் முதலாளியின் டிபன் கேரியரில் சாம்பார் அடுக்கைச் சரியாக நடுவில் தாக்கியது. முதலாளி சட்டையைத் துடைத்துக்கொண்டிருக்க, டர்னர் கேரியரைப் பார்த்துவிட்டு, "சென்டர் கரெக்ட்டு" என்றார்.

இப்படியே மூன்று வாரம் போனது. பாஸ்போர்ட் பாரம் மட்டும் அப்படியே இருந்தது. மாதக் கடைசி நெருங்குகிறது என்று நான்தான் அவரை இழுத்துவந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தேன். கலைவாணி டூட்டியில் இருந்தாள். அவளுடைய சர்டிபிகேட்டுகளை ஒரு கவரில் போட்டு அவர் கையில் கொடுத்தனுப்பியிருந்தாள். சர்நேம் கட்டம் வந்தது. "டர்னர்னு போடு" என்றார். சர்டிபிகேட்டில் இல்லாததைப் போடக்கூடாது அண்ணே, அப்பா பெயரைச் சொல்லுங்கள் என்றேன். அவர் தன்னுடைய ஆதார் ஜெராக்ஸை எட்டாக மடித்து வைத்திருந்ததை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, வேறு எங்கோ பார்த்தார்.

பிரித்தேன். குப்பன் என்று இருந்தது.

அவருக்கு முன்னால் இரண்டு குழந்தைகள் பிறந்து பிறந்து போய்விட்டனவாம். மூன்றாவதாக இவர். பிறந்த அன்றைக்கே முறத்தில் போட்டுக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் கிடத்தி, ஒரு புரட்டு புரட்டி, வேண்டாதது மாதிரி திரும்ப எடுத்துவந்து அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். எமன் வந்து பார்த்தாலும், குப்பைதானே என்று விட்டுவிட்டுப் போவான் என்று கணக்கு. எமன் விட்டுவிட்டான். பள்ளிக்கூடத்துப் பையன்கள் விடவில்லை. வாத்தியார் ஆஜர் கூப்பிடும்போது இவர் பெயர் வந்தால் வகுப்பே மூக்கைப் பிடித்துக்கொள்ளுமாம். ஐந்தாவதோடு நின்றுவிட்டார். சில வருஷம் கழித்து ஒரு பட்டறையில் சேரப் போனபோது ஃபோர்மேன் பெயரைக் கேட்டிருக்கிறார். இவர் பெயரைச் சொல்லாமல், டர்னர் வேலை கற்றுக்கொள்ள வந்தேன் என்றிருக்கிறார். சரி டர்னர், போய் விளக்குமாற்றை எடு என்று அவர் சொல்லியிருக்கிறார். நாற்பது வருஷமாக அதுதான் பெயர்.

"அந்தப் பேரு எமன ஏமாத்தறதுக்கு வெச்சது, தம்பி. அவன் ஏமாந்துட்டான். அதோட அதுக்கு வேலை முடிஞ்சிது. அத எதுக்கு என் பொண்ணு இங்கிலாந்துக்குத் தூக்கிக்கினு போவணும்?"

நான் படித்தவன். பாரத்தில் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று தெரிந்தவன். டர்னர் என்றே அடித்தேன்.

அன்று சாயந்திரமே அவர் ஒரு பித்தளை வில்லை கடைந்துவிட்டார். கலைவாணியின் பெட்டியில் தொங்கவிட. எழுத்து அச்சுகளை ஒவ்வொன்றாக வைத்துச் சுத்தியலால் தட்டி, கே. டர்னர் என்று இங்கிலீஷில் பதித்திருந்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. அதில் என் முகம் தெரிந்தது. கொஞ்சம் குற்றவாளி மாதிரி தெரிந்தது.

பாஸ்போர்ட் ஆபீசுக்கு மூன்று பேரும் போனோம். உள்ளே ஒரு அம்மா, "கலைவாணி டர்னர்" என்று கூப்பிட்டார். வரிசையில் இருந்தவர்கள் கவுன் போட்ட பெண் யாராவது எழுந்து வருவாள் என்று திரும்பிப் பார்த்தார்கள். கலைவாணியும் திரும்பிப் பார்த்தாள். இரண்டாவது தடவை கூப்பிட்டபோது அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

எந்தச் சர்டிபிகேட்டிலும் இல்லாத இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அந்த அம்மா கேட்டார். டர்னர் லேமினேட் அட்டையை எடுத்து நீட்டினார். அந்த அம்மா அதை அக்கறையாகத்தான் பார்த்தார்.

"ஐயா, இது உங்க அப்பா பார்த்த வேலை."

"ஆமாம்மா. நானும் அதே வேலைதான். இங்கிலீஷ்காரனும் அப்பிடித்தான் பேரு வெச்சிக்கினான்."

"அவங்க வெச்சிக்கிட்டப்போ பாஸ்போர்ட் ஆபீஸ் இல்லீங்களே."

அந்த அம்மா இரண்டு வழி சொன்னார். கெஜட்டில் முறைப்படி பெயர் மாற்றிக்கொண்டு வரலாம், அதற்கு நாளாகும். இல்லையென்றால் அப்பா பெயரை சர்நேமாகப் போட்டு இன்றைக்கே முடித்துவிடலாம். மாதக் கடைசிக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று மூன்று பேருக்குமே தெரியும். கெஜட்டிலேயே மாற்றிக்கொண்டு வருகிறோம், பரீட்சையை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று டர்னர் அட்டையை எடுத்து உள்ளே வைத்தார். அந்தப் பெயர் இனிமேல் யார் வாயிலும் வரக்கூடாது என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. லேத் பக்கத்தில் கத்தியே பேசிப் பழகியவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

கலைவாணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏமாந்தது எமன்தானப்பா. நாம ஏன் வெக்கப்படணும்? அந்தப் பேரு இல்லன்னா நீ இல்ல, நானும் இல்ல." பிறகு அந்த அம்மாவிடம் திரும்பி, "குப்பன்னே போடுங்க மேடம்" என்றாள்.

வெளியே வந்ததும் டர்னர் எங்கள் இருவரையும் விட்டுவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். அவர் வந்தது என் வண்டியில் என்பது பாதி வழியில்தான் அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. அப்படியும் திரும்பவில்லை.

கோபத்தில் ஒரு வாரம் டீக்கடையில் வடையை ஓட்டை பார்க்காமலே தின்றார். மாஸ்டர் பயந்துபோய், உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று என்னைக் கேட்டார்.

அந்த வாரத்திலேயே விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்துவிட்டார். கருவடிக்குப்பத்தில் தெரு முனையில் வண்டியை நிறுத்தி, குப்பன் வீடு எது என்று கேட்டிருக்கிறார். யாருக்கும் தெரியவில்லை. மளிகைக்கடைக்காரருக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டு அக்காவுக்குத் தெரியவில்லை. லீவு நாளானதால் வாசலில் சைக்கிள் வீலைக் கோணல் எடுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் வந்து, "பெரியவரே, இங்க குப்பன்னு யாராவது இருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"அப்பிடி யாரும் இல்லீங்களே" என்று சொல்லிவிட்டு டர்னர் மறுபடி வீலைச் சுற்றினார்.

பொய் சொல்லவில்லை. நாற்பது வருஷப் பழக்கம். போலீஸ்காரர் விலாசத்தில் அப்படி ஒரு ஆளே இல்லை என்று குறித்துவிட்டு, பொண்ணு பேரு கலைவாணின்னு போட்டிருக்கே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். வீல் சுற்றுவது நின்றது. வண்டிக்குப் பின்னால், ஒரு கையில் சைக்கிள் வீலோடு, லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஐம்பத்தெட்டு வயது ஆள் தெருவில் ஓடிய காட்சியைப் பார்த்தவர்கள் இன்னும் அதைப் பேசுகிறார்கள். தெருவே கேட்கக் கத்திக்கொண்டு ஓடினாராம்.

"சார், குப்பன் நான்தான் சார். சார், நான்தான் சார் குப்பன்."

எதிர்வீட்டு அக்கா, பதினெட்டு வருஷம் எதிர்வீட்டில் இருக்கிறோம், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா டர்னரு என்றாராம். யாரும் மூக்கைப் பிடித்துக்கொள்ளவில்லை.

பாஸ்போர்ட் வந்தது. கலைவாணி பரீட்சை எழுதினாள், பாஸ் செய்தாள், சில மாதத்தில் கிளம்பியும் விட்டாள். கிளம்புகிற அன்று பெட்டியில் மாட்ட அந்தப் பித்தளை வில்லையைக் கேட்டாள். "அது வேற ஆளுக்குச் செஞ்சது" என்று சொல்லிவிட்டார். ஆனால் வழியனுப்பப் போன ஏர்போர்ட்டில் அவளுடைய பெட்டிச் சக்கரத்தைப் புரட்டிப் பார்த்து, ஒன்று ஆடுகிறது என்று அங்கேயே கழற்ற உட்கார்ந்துவிட்டார். கலைவாணி அவர் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டியிருந்தது.

போன மாதம் ஒரு மத்தியானம், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கலைவாணி வீடியோ காலில் வந்தாள். அங்கே காலை. ஆஸ்பத்திரியில் நர்சுகள் உட்காரும் அறையில் இருந்தாள். மொபைலை என் மேசையில் தண்ணீர் பாட்டில் மேல் சாய்த்து வைத்திருந்தோம். குளிருகிறதா, சாப்பாடு என்ன, அங்கே மெதுவடை கிடைக்குமா என்று டர்னர் விசாரித்துக்கொண்டிருந்தார். அப்போது அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு அம்மா, இங்கிலீஷில், குப்பன் கண்ணு, உன் டீ ஆறிப்போகிறது என்றார். கலைவாணி திரும்பி, இதோ வருகிறேன் என்றாள்.

டர்னரின் கை டிபன் பாக்ஸில் நின்றது.

"யாரும்மா அது?"

"எங்க சார்ஜ் சிஸ்டர்ப்பா. கலைவாணி அவங்க வாயில நுழையல, குப்பன்னுதான் கூப்புடுவாங்க." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவங்க பேரு என்னான்னு கேளேன். சிஸ்டர் டர்னர்."

நான் டர்னரைப் பார்த்தேன். அவர் மொபைலுக்குள் போய்விடுவார் போல முன்னால் குனிந்தார். அவங்க வீட்டில் யார் லேத் ஓட்டுகிறார்கள் என்றுதான் முதலில் கேட்டார். யாரும் இல்லை, அவர் புருஷன் பஸ் ஓட்டுகிறார், அப்பா தபால் ஆபீசில் இருந்தார், வீட்டில் ஒருவரும் லேத்தைக் கண்ணால் பார்த்ததில்லை என்றாள்.

"பாவம்" என்றார் டர்னர். "பரவால்ல, நாம ஓட்றோம் இல்ல. ஓட்றோம்னு சொல்லு அவங்க கிட்ட."

பிறகு, ரொம்ப சாதாரணமாகக் கேட்பதுபோல, "அந்தப் பேரச் சொல்றப்ப சிரிக்கிறாங்களாம்மா?" என்றார்.

"எதுக்குப்பா சிரிக்கணும்? அர்த்தம் கேட்டாங்க. எமன ஏமாத்துன பேருன்னு சொன்னேன். ஆஸ்பத்திரில வேலை செய்றவளுக்கு இதவிட நல்ல பேரு எங்க கெடைக்கும்னாங்க."

கால் முடிந்தது. டர்னர் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்தார். டூல் பெட்டியின் அடியிலிருந்து அந்தப் பித்தளை வில்லையை எடுத்தார். லேத்தின் சக்கில் மாட்டினார். முகப்பை ஒரே ஒரு தடவை, முடியளவு சீவினார். கே. டர்னர் மெல்லிய மஞ்சள் சுருளாகச் சுருண்டு கீழே விழுந்தது.

என் மேசைக்கு வந்தார். அவருடைய சொந்தப் பெயரை இங்கிலீஷில் அவர் எழுதியதே இல்லை. ஒரு தாளில் பெரிசாக எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு எழுத்து அச்சையும் தேடி எடுத்து வைத்து, பார்த்துப் பார்த்து, ஒற்றைத் தட்டாகத் தட்டினார். ஆறு எழுத்துக்கு அரைமணி நேரமானது. எழுத்து கொஞ்சம் கோணல்தான். வட்டம் சுத்தம்.

வேட்டித் துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார். இன்றைக்கே பார்சல் போட்டுவிடு, முதலில் சரியாக இருக்கிறதா படித்துப் பார் என்றார். சொல்லிவிட்டு லேத்தைப் போட்டுக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

பட்டறைச் சத்தத்தில் கேட்க வேண்டுமே என்று நான் கொஞ்சம் பலமாகவே படித்தேன்.

"குப்பன்."

"சொல்லு தம்பி" என்றார்.